அப்பால என்னாச்சி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்தபோது, வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் வாளியால் எண்ணெயை மொண்டுகொண்டிருந்ததைக் கரையில் நின்று பார்த்தேன். அந்த வாரமே ஒரு சிறுகதை எழுதினேன். அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆறு, அருகிப்போன இறால், செத்து மிதந்த மீன் என்று ஒன்றையும் விடவில்லை.

குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஆயா ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, ஆற்றுச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு கெட்டுப்பூட்ச்சினு எங்களுக்குத் தெர்யாதா கண்ணு? அப்பால என்னாச்சி, அத்தச் சொல்லு" என்றார்.

சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் கதையில் எல்லாமே மனிதர்களுக்கு நேர்ந்தது; மனிதர் யாரும் எதுவும் செய்யவில்லை.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போனேன். அந்தச் சேவைக்குப் பின்னால் உள்ளது சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு எழுதுகிறவனாகக் கேட்டேன். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே சங்கிலியாரை விரும்புகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் திருமணம். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவரால் அது முடியாது. ஆகவே சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார்: நான் சத்தியம் செய்யும்போது நீர் சன்னிதியை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடும். சிவன் சம்மதிக்கிறார். அன்றிரவே சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழின் கீழ் சத்தியம் கேள் என்கிறார்.

மறுநாள் சுந்தரர் தைரியமாகச் சன்னிதிக்கு நடக்கிறார். சங்கிலியாரின் தோழிகள், "இங்கே வேண்டாம், மகிழடியில் போதும்" என்கிறார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பாடிய சேக்கிழார், கனவை நம்மிடம் மறைக்கவில்லை. சுந்தரருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அதனால்தான் அவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் நமக்கு மூச்சு முட்டுகிறது. எதையாவது ஒளித்துவைத்தால்தான் கதை இழுக்கும் என்று நான் நம்பியிருந்தது தவறு. சுந்தரரைப் பிறர் யாரும் மாட்டிவிடவில்லை. தன் சாமர்த்தியத்திலேயே மாட்டிக்கொண்டார். பின்னாளில் வசந்தம் வந்து, ஆரூரின் நினைவு தாங்காமல் சத்தியத்தை மீறிக் கிளம்பியவர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வையை இழக்கிறார். மகிழ மரத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதை இல்லை. எல்லைக்கோட்டை அழித்துவிட்டால் தண்டனை இல்லை. என் கதையிலிருந்து அனல்மின் நிலையப் புகைபோக்கியை எடுத்துவிட்டிருந்தால் ஒரு வரிகூட அசைந்திருக்காது. ஊரை நான் திரைச்சீலையாகத்தான் தொங்கவிட்டிருந்தேன்.

திரும்ப எழுதினேன். சாம்பல் பற்றிய பத்திகள் போயின. ஒரு மீன்காரம்மா வந்தாள். எண்ணெய்க்குப் பயந்து யாரும் மீன் வாங்காத நாள். கூடையில் மேலே கடல் மீன். அடியில் முகத்துவாரத்தில் பிடித்த நாலு மீன். கேட்டால் கடல் மேல் சத்தியம் செய்துவிடலாம் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வருகிறாள். முகத்துவாரத்துத் தண்ணீரும் கடலில்தானே கலக்கிறது? வாடிக்கைக்காரி கூடையைப் பார்க்கிறாள். பக்கத்தில் குந்தியிருக்கும் மீன்காரம்மாவின் பேரனைப் பார்க்கிறாள். "கடல் மேலல்லாம் வேணாம்மா. இந்தப் புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு."

இதில் ஆற்றின் கேட்டைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. அந்த நாலு மீனுக்குள் எல்லாம் இருந்தது. அவளை நல்லவள், கெட்டவள் என்று தீர்ப்புச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் பசி எனக்குத் தெரியும். வாங்குகிறவளின் பயமும் நியாயமானது.

மறுபடியும் ஆயாவிடம் போனேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். பேரன் தலை வந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். மடித்த வெற்றிலை அவர் கையிலேயே நின்றது.

"வச்சிட்டாளா?" என்றார்.