பாஸிடிவ் நல்லதா, நெகடிவ் கெட்டதா?

'பாஸிடிவ்', 'நெகடிவ்' - இந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளும் இப்போது பாட்டிமார் வாயில்கூடச் சரளமாகப் புழங்குகின்றன. "எதையும் பாஸிடிவா நினைடி" என்கிறோம். "அவ வாயைத் திறந்தாலே நெகடிவ்தான்" என்று சலித்துக் கொள்கிறோம். பாஸிடிவ் என்றால் நல்லது, நெகடிவ் என்றால் கெட்டது என்றே நம் மனதில் பதிந்து போயிருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசற்படியை மிதித்துவிட்டால் இந்த அர்த்தம் செல்லாது. அங்கே பாஸிடிவ் என்றால் 'தேடியது இருக்கிறது'. நெகடிவ் என்றால் 'தேடியது காணவில்லை'. அவ்வளவுதான். 2020-ல் கொரோனா வந்தபோது 'நெகடிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணுக்கோ, சிறுநீர்ப் பரிசோதனையில் 'பாஸிடிவ்' என்று வந்தால்தான் வீட்டில் பாயசம்!

ரத்தப் பிரிவில்தான் குழப்பம் அதிகம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெண்ணுக்கு 'ஓ நெகடிவ்' என்று தெரிந்ததும் பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். "ரத்தத்திலே ஏதோ குறை போலிருக்கே" என்றாராம் சம்பந்தியம்மாள். ஒரு லேடி டாக்டர் உட்கார வைத்து விளக்கிய பிறகே தட்டு மாற்றினார்கள்.

குறை ஒன்றுமில்லை. 1940-ல் லேண்ட்ஸ்டெய்னர், வீனர் என்ற இரு விஞ்ஞானிகள் ரீசஸ் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது வெளிப்பட்டதுதான் இந்த 'ஆர்.எச்.' சமாசாரம். சிவப்பணுக்களின் மேல் 'டி' என்றொரு புரதம் இருந்தால் பாஸிடிவ்; இல்லாவிட்டால் நெகடிவ். அது இல்லாததால் உடம்புக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

ஆனால் கர்ப்ப காலத்தில் கவனம் தேவை. தாய் நெகடிவ், தகப்பன் பாஸிடிவ் என்றால், குழந்தை பாஸிடிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியமாக நினைத்து, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக் கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்ததும் பாஸிடிவாக இருந்தால், அதன் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்புப் பொருள் அழிக்கும். குழந்தைக்குச் சோகை, கடுமையான மஞ்சள் காமாலை வரும்; சில சமயம் வயிற்றிலேயே இறந்தும் போகும்.

இதைத் தடுக்க 'ஆன்டி-டி' என்ற ஊசி 1968 முதலே வழக்கத்தில் உள்ளது. 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்த குழந்தை பாஸிடிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருச்சிதைவானாலும் இந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். "அதான் கலைஞ்சு போச்சே, இனி ஊசி எதுக்கு?" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எதிர்ப்புப் பொருள் உண்டான பிறகு ஊசி போட்டுப் பயனில்லை.

தாய் பாஸிடிவ், தகப்பன் நெகடிவ் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

மேலே சொன்ன பெண்ணுக்கு இன்று இரண்டு குழந்தைகள், இரண்டுமே பாஸிடிவ். இரண்டு தடவையும் தவறாமல் ஊசி போட்டுக் கொண்டாள்.

கர்ப்பம் என்று தெரிந்ததுமே ரத்தப் பிரிவைப் பார்த்து, கணவருடையதையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ரிப்போர்ட்டில் 'நெகடிவ்' என்று பார்த்துக் கலங்க வேண்டாம், "எது நெகடிவ், டாக்டர்?" என்று கேளுங்கள்.