வீரனின் பிறப்பும் மாரிக்குப்பத்து வாசிப்பும்

நாட்டார் கதைப்பாடல்களை முதுகலை வகுப்பில் கற்பிக்கும்போது வகைப்பாடு, கதைக்கூறு, கதையமைப்பு என்ற வரிசையில் பாடம் செல்வதே வழக்கம். படிப்பவர் அக்கதையை எவ்வாறு எதிர்கொண்டார் என்பது தேர்வு வினாவாக அமைவதில்லை. ஆயினும் கோலார் தங்கவயலைச் சேர்ந்த மாணவி ஒருவர் மதுரைவீரன் கதையைப் படித்துவிட்டு எழுப்பிய வினா, பாடத்திட்டத்திற்கு வெளியே எங்கள் இருவரையும் நெடுந்தொலைவு அழைத்துச் சென்றது. அதனைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவியின் ஊர் மாரிக்குப்பம். பாட்டனார், தந்தையார் இருவரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணியாற்றியவர்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழிலுக்காக வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பெருந்திரளாகக் குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல் அவர். அவ்வாறு வந்தோருள் மிகப் பலர் ஆதிதிராவிடர். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உழைத்த அம்மக்களின் வாழ்வு 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதோடு திசை மாறிற்று. இன்று அவருடைய அண்ணன் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார். வீடு இன்னும் சுரங்கத் தொழிலாளர் ‘லைன்’ வீடுதான். குடும்பத்தின் வழிபடு தெய்வம் மதுரைவீரன்.

அச்சில் பரவலாக வழங்கும் கதையில் வீரன் காசி அரசனுக்குப் பிறக்கிறான். மாலை சுற்றிப் பிறந்த குழந்தை நாட்டிற்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறான். செருப்புத் தைக்கும் குடும்பம் அவனை எடுத்து வளர்க்கிறது. 1956இல் வெளிவந்த திரைப்படமும் இவ்வடிவத்தையே நிலைநிறுத்தியது. மாணவி கேட்டது இதுதான்: ‘வளர்த்த தாய் தந்தையரிடமிருந்து வீரனுக்கு ஒன்றுமே வரவில்லையா, ஐயா? வீரம் முழுவதும் காசியிலிருந்துதான் வந்ததா?’

ஆசிரியர் என்ற முறையில் ஆட்டோ ராங்க் 1909இலும் ராக்லன் பிரபு 1936இலும் எழுதியவற்றை எடுத்துக்கூறினேன். உயர்குடியில் பிறந்து, கைவிடப்பட்டு, எளியோரால் வளர்க்கப்படும் தலைவன் உலகக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருபவன். நம் கர்ணனும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்பட்டவனே. மாணவி குறிப்பெடுத்துக்கொண்டார். பின்னர், ‘உலகம் முழுவதும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் எங்களைப் பற்றி இப்படிச் சொன்னது சரியாகிவிடுமா?’ என்றார். கதைக்கூறு அட்டவணைகள் இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. அவை அதற்காக உருவாக்கப்பட்டவையும் அல்ல.

அடுத்து நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன், காத்தவராயன் கதைப்பாடல்களைப் படிக்கச் சொன்னேன். அந்தணனாகிய முத்துப்பட்டன் வாலப்பகடையின் மகளிராகிய பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, அக்குடியின் தொழிலையும் ஏற்றுக் காவலில் உயிர்விடுகிறான். அப்பெண்களும் பிறப்பால் அந்தணரே என்று கதைக்குள் ஒரு செய்தி நுழைகிறது. ஆரியமாலையைச் சிறையெடுத்துக் கழுவேறும் காத்தவராயனுக்கோ தெய்வப் பிறப்பும் முற்பிறவிச் சாபமும் கற்பிக்கப்படுகின்றன. இவை சாதி கடந்த மணத்தின் கூர்மையை மழுக்கப் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது வானமாமலையின் பார்வை. மாணவிக்கு இது பெரிதும் ஆறுதல் அளித்தது. தம்மைப் போல் ஐயுற்றவர் ஒருவர் முன்பே இருந்திருக்கிறார் என்ற ஆறுதல் அது.

ஆனால் அவருக்கு முன்னோடி அவருடைய ஊரிலேயே இருந்தார் எனலாம். அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் உறுதியான களமாக விளங்கிற்று. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோன இதழை 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன் என்பதை அறிந்தபோது மாணவி சற்று நேரம் பேசாதிருந்தார்.

பண்டிதர் புராணங்களையும் பண்டிகைக் கதைகளையும் வரிக்கு வரி மறுத்துப் படித்தவர். அரிச்சந்திரன் கதையையும் நந்தன் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. வள்ளுவர் பார்ப்பனத் தந்தைக்கும் தாழ்த்தப்பட்ட தாய்க்கும் பிறந்தார் என்ற வழக்கைப் பொய்க்கதை என்று தள்ளினார். இதுவரை படித்த மாணவி மகிழ்ந்தார். அடுத்து, வள்ளுவர் கச்சன் என்னும் மன்னனின் மகன் என்று பண்டிதர் கூறுமிடத்தில் நின்றுவிட்டார். ‘இவரும் அரசகுமாரன் என்றுதானே சொல்கிறார்?’

இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. வீரனைக் காசிக்கு அனுப்பும் கதை, தாழ்வை உண்மையென்று ஏற்றுக்கொண்டு அவன் ஒருவனை மட்டும் அதிலிருந்து விலக்குகிறது. பண்டிதரோ தாழ்வு என்பதே பௌத்தர்மீது பகைவர் சுமத்திய பொய் என்கிறார். அவர் பார்வையில் அரசப் பிறப்பு, பறிக்கப்பட்டதன் மீட்சி. இவ்விளக்கத்தை மாணவி பாதியே ஏற்றார். தாத்தா பாறையைக் குடைந்தவர். அவரை அரசர் ஆக்காமலே பெருமைப்பட முடியாதா என்ற அவரது எதிர்வினாவுக்கு முன் என் வேறுபாடு சற்று நூலறிவாகவே தோன்றியது. அயோத்திதாசர் வாழ்ந்த காலத்தின் தேவை வேறு என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

விடுமுறையில் மாணவி தம் பாட்டியிடம் வீரன் கதையைக் கேட்டுப் பதிவு செய்து வந்தார். பதிவைக் கேட்டபோது எனக்கு வியப்பே மேலிட்டது. பாட்டியின் கதை தோல் ஊறவைக்கும் வீட்டில் தொடங்குகிறது. குழந்தை அங்கேயே இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற பேச்சே இல்லை. பொம்மியும் வெள்ளையம்மாளும் மாறுகால் மாறுகை வாங்கியதும் எல்லாம் உண்டு. காசி இல்லை. மறதியால் விடுபட்டிருக்கலாம் என்று கருதி, அச்சுப் பிரதியிலுள்ள பிறப்புப் பகுதியைப் படித்துக்காட்டுமாறு சொன்னேன். படித்துக்காட்டியபோது பாட்டி சொன்னதும் பதிவில் உள்ளது: ‘அது பொஸ்தகத்துல இருக்கிற வீரன்மா. நம்ம வீரன் இங்கதான் பொறந்தான்.’

முதுகலை ஆய்வேட்டில் ‘பிறப்பு’ என்னும் தலைப்பின்கீழ் மாணவி இரண்டு கதைகளையும் அருகருகே தந்திருக்கிறார். நம் துறை வழக்கப்படி பாட்டியின் கதையைத் ‘திரிபு வடிவம்’ என்று குறிக்க வேண்டும். குறிக்க மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. புறத்தேர்வாளரின் அறிக்கை இன்னும் வரவில்லை.