ஜெயிக்கவும் இல்லை... தோற்கவும் இல்லை!

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'நாட்டு முன்னேற்றத்தில் டிப்ளமோ மாணவர்களின் பங்கு' என்று எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அதே தலைப்பில் ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நீங்கள் தப்பித்தீர்கள்! நான் எழுதப்போவது ஒரு டி.வி. சண்டையைப் பற்றி. அதுவும் சப்பென்று முடிந்துபோன ஒரு சண்டையைப் பற்றி.

விடுதியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. மெஸ்ஸில் உப்புமா என்று தெரிந்ததால் யாருக்கும் பசியில்லை. சிவில் நண்பன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "டேய், புரூஸ் லீயும் பேட்மேன் ஆளும் மோதுறாங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான். மூன்று பேர் படுக்கிற அறையில் பதினோரு பேர். கட்டிலின் கால் ஒன்று அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது. (வார்டன் சார் மன்னிக்கவும்.)

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 'கிரீன் ஹார்னெட்' என்பது அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பரில் தொடங்கிய தொடர். கதாநாயகன் பகலில் பத்திரிகை அதிபர், இரவில் முகமூடி மனிதர். ரவுடிகளைப் பிடிப்பதற்காகத் தானும் ஒரு பெரிய ரவுடி மாதிரி நடிப்பார். அதனால் போலீசும் அவரைத் தேடும். இந்த வேடத்தில் வான் வில்லியம்ஸ். அவருக்குக் கார் ஓட்டுவது, வீட்டு வேலை பார்ப்பது, அடிதடி என்றால் முன்னால் பாய்வது, எல்லாம் ஒரே ஆள். பெயர் காட்டோ. கார் 1966-ஆம் வருஷத்து கிரைஸ்லர் இம்பீரியலை மாற்றிச் செய்த 'பிளாக் பியூட்டி'. நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு அந்தக் காரைப் பார்ப்பதற்கே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்!

அந்தக் காட்டோதான் புரூஸ் லீ. அப்போது அவருக்கு 25 வயது. அவர் டி.வி.க்கு வந்த கதையே வேடிக்கை. 1964-ல் லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் அவர் செய்துகாட்டிய வித்தைகளைப் பார்த்த ஒருவர் ஜே செப்ரிங். தொழில், முடிதிருத்துவது. அவர் தயாரிப்பாளர் வில்லியம் டோசியரிடம், "இப்படி ஒரு பையன் இருக்கிறான்" என்று சொல்லிவைத்தார். சலூனில் நடக்கிற பேச்சை இனிமேல் யாரும் லேசாக நினைக்காதீர்கள்!

இதே டோசியர்தான் 'பேட்மேன்' தொடரையும் தயாரித்தார். 'பேட்மேன்' ஓகோவென்று ஓடியது. 'கிரீன் ஹார்னெட்' அந்த அளவுக்கு ஓடவில்லை. ஓடாத வண்டியை ஓடுகிற வண்டியில் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, ஹார்னெட்டையும் காட்டோவையும் 'பேட்மேன்' தொடருக்கு விருந்தாளிகளாக அழைத்து வந்தார்கள். 1967 மார்ச் 1, 2 ஆகிய இரண்டு நாட்களில் இரண்டு பாகம். கள்ள ஸ்டாம்பு அடிக்கிற கர்னல் கம் என்பவன் வில்லன். பேட்மேனுக்கோ ஹார்னெட்டும் காட்டோவும் நிஜமான ரவுடிகள் என்று நினைப்பு. ஆக, சண்டை நிச்சயம்!

அறையில் பந்தயம் ஆரம்பமானது. காட்டோ ஜெயித்தால் எதிர்க்கட்சி புரோட்டா வாங்கித் தர வேண்டும். சிக்கல் என்னவென்றால், எதிர்க்கட்சிக்கு ஆளே இல்லை. ராபின் பக்கம் பணம் கட்ட யாருக்குப் பைத்தியம்? கடைசியில் எலக்ட்ரிக்கல் நண்பன் ஒருவன் எங்கள் மீது இரக்கப்பட்டு ராபின் கட்சியில் சேர்ந்தான்.

முதல் பாகம் போயிற்று. இரண்டாம் பாகத்தில் முக்கால்வாசியும் போயிற்று. வந்தது ஸ்டாம்பு கண்காட்சி. முதலில் எல்லோரும் சேர்ந்து வில்லனின் ஆட்களை அடித்தார்கள். அப்புறம் அந்தப் பக்கம் பேட்மேனும் ஹார்னெட்டும், இந்தப் பக்கம் ராபினும் காட்டோவும். "வந்துட்டான்டா!" என்று ஒருத்தன் கட்டில் மேல் ஏறி நின்றான்.

அவன் இறங்குவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

பேட்மேன் தொடர் என்றால் 'டமால்', 'டுமீல்' மாதிரி எழுத்துகள் கொட்டை கொட்டையாகத் திரையில் வந்து விழும், தெரியும் அல்லவா? அந்த எழுத்துக்கு நடுவில் ஒரு உதை, இரண்டு குத்து. யாரும் விழவில்லை. யாரும் எழவில்லை. இரண்டு பக்கமும் சமம். வேகம் அதிகமாகி காமிராவில் பதியவில்லை, கொஞ்சம் மெதுவாக அடியுங்கள் என்று சொல்ல வைத்த மனிதர் புரூஸ் லீ. அவருக்குச் சமமாக, பச்சை ஜட்டி போட்ட ராபின்! யானையையும் ஆட்டுக்குட்டியையும் தராசில் வைத்து முள்ளை நடுவில் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அறையில் சத்தமே இல்லை. "இதுக்காடா உப்புமாவை விட்டோம்?" என்றான் ஒருவன். புரோட்டாவுக்கு யார் காசு கொடுப்பது என்று அரை மணி நேரம் வாதம் நடந்து, அவரவர் புரோட்டாவுக்கு அவரவரே கொடுத்துக்கொண்டோம். டிரா என்றால் அதுதானே!

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஏன் இப்படி எடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முதலில் எழுதிய கதையில் டிராவே கிடையாதாம். காட்டோ ராபினிடம் தோற்றுப்போவதாகத்தான் இருந்ததாம்! வீட்டுக்காரன் தோற்கலாமா, வந்தவன் தோற்கட்டும் என்ற கணக்கு. அதைப் படித்த புரூஸ் லீ, 'முடியாது' என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். அவருடைய சம்பளம் வாரத்துக்கு 400 டாலர். கதாநாயகனுக்கு அதைப்போலப் பல மடங்கு. காட்டோவுக்கு வசனமும் அதிகம் கிடையாது. கொஞ்சம் பேச விடுங்கள் என்று தயாரிப்பாளருக்கு அவரே கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். அவ்வளவு சின்ன இடத்தில் நின்றுகொண்டு அவர் 'முடியாது' என்றார். டோசியர் இறங்கிவந்தார். கதை டிராவாக மாறியது.

அதனால் தொடர் பிழைத்ததா என்றால், இல்லை. 1967 மார்ச் 17-ஆம் தேதியோடு 26 பாகங்களில் 'கிரீன் ஹார்னெட்' நின்றுபோனது. சண்டையில் டிரா, தொடரில் நாக் அவுட்! ஆனால் அதே தொடரை ஹாங்காங் மக்கள் என்ன பெயரில் பார்த்தார்கள் தெரியுமா? 'காட்டோ ஷோ' என்று. டிரைவர் பெயரில் தொடர்! 1971-ல் அங்கே 'தி பிக் பாஸ்' படத்தில் அவர் கதாநாயகனாக வந்தார். 1973-ல் 'என்டர் தி டிராகன்'. அந்தப் படம் வெளியாவதற்கு முன்பே, அந்த வருஷம் ஜூலை 20-ஆம் தேதி, 32 வயதில் போய்விட்டார். இதெல்லாம் நீங்களும் அறிந்ததே.

நண்பர்களே, இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன். எனக்கு ஏன் மனசு ஆறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கராத்தே கற்றுக்கொண்டேன். ஒரு போட்டி. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். இறுதிச் சுற்றில் நான் இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தேன். இடைவேளையில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பார்த்து ஆடு. எல்லாக் கப்பும் அந்தப் பையனோட அப்பா வாங்கிக் கொடுத்தது. உன்னைத் தோத்துப்போன்னு நான் சொல்லல. சமமா முடிச்சுக்கோ, போதும்."

"சரி மாஸ்டர்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இரண்டு தடவை கையை இறக்கினேன். இரண்டு அடி வாங்கினேன். இருவருக்கும் முதல் பரிசு என்று அறிவித்தார்கள். கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று.

எங்கள் அப்பா லேத் பட்டறையில் டர்னர். அன்றைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு என் போட்டியைப் பார்க்க வந்திருந்தார். வெர்னியர் இல்லாமலே கண்ணால் அளவு சொல்லக்கூடிய மனிதர். வீட்டுக்கு வரும் வழியில் டி.வி.எஸ். வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார், "கடைசியில ரெண்டு தடவை ஏன்டா கையை இறக்குன?"

"டயர்டாயிடுச்சுப்பா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கப்பு இன்றைக்கும் எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கிறது. வருகிறவர்களிடம் அம்மா, "எம்பையன் பர்ஸ்ட்டு வாங்குனது" என்று காட்டுவார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

காட்டோவின் டிராவும் என் டிராவும் ஒன்றா? ஸ்கோர் போர்டில் ஒன்றுதான். ஆனால் அவருக்குத் தோல்வி எழுதி வைத்திருந்தார்கள், அதிலிருந்து பிடித்து இழுத்து அவர் டிராவரைக்கும் ஏறினார். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அங்கிருந்து டிராவரைக்கும் இறங்கினேன். ஏணியில் ஒரே படியில் இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் ஏறுகிறவர், ஒருவன் இறங்குகிறவன். அந்த சனிக்கிழமை ராத்திரி நான் ஏமாந்துபோனது ராபினைப் பார்த்து இல்லை என்று இப்போது தெரிகிறது.

நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் "டிப்ளமோதானே, ஓரமா நில்லு" என்று நமக்கும் யாராவது வசனம் எழுதி வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஜெயித்துவிட முடியாது. அந்த எழுத்தை ஒரு வரியாவது மாற்றச் சொல்லிக் கேட்போம். கையை மட்டும் நாமாக இறக்க வேண்டாம்.

இந்த மலர் வெளிவந்ததும் வழக்கம்போல ஒரு பிரதி எங்கள் வீட்டுக்குப் போகும். அப்பா பட்டறையிலிருந்து வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, நான் எழுதிய பக்கத்தை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அப்பா, அன்றைக்கு எனக்கு டயர்டாகவில்லை.