யானகாவில் ஒரு சமையல் நடை

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஓர் அவநம்பிக்கை உண்டு. குடையையோ கொடியையோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் போவார்கள். பின்னால் போகிறவனுக்கு அடுத்தவன் முதுகு தெரியும், ஆண்டுக் கணக்கு காதில் விழும், அவ்வளவுதான். டோக்கியோவின் யானகா பகுதியில் நான் போன நடை அப்படிப்பட்டதல்ல. கடைசியில் ஒரு வீட்டில் போய்ச் சமைத்தாக வேண்டும். சமைக்க வேண்டுமென்றால் வழியில் சாமான் வாங்க வேண்டும். சாமான் வாங்க வந்தவனுக்கு ஒரு தெரு தெரிகிற விதமே வேறு.

நிப்போரி ரயில் நிலையத்தில் கூடினோம். வழிகாட்டிய அம்மாள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்பானில் அயல்நாட்டாருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் மொழியில் வழிகாட்டுவதற்கு, 1949இல் வந்த சட்டப்படி அரசுத் தேர்வில் தேறியிருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 2018 ஜனவரியில்தான் நீங்கியது. அதற்குப் பிறகே இவரைப் போன்ற சாதாரணமானவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே காட்டலாம் என்று ஆயிற்று. நல்ல மாற்றம் என்பேன். தேர்வு எழுதியவருக்குக் கோயில் கட்டிய ஆண்டு தெரியும். இவருக்கு எந்தக் கடையில் எத்தனை மணிக்குத் தோஃபு தீர்ந்துபோகும் என்று தெரியும்.

யானகா ஒரு கோயில் ஊர். டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில், 1657ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு, நகரின் நடுவிலிருந்த கோயில்கள் பலவற்றை இந்தப் பக்கம் நகர்த்தினார்கள். இன்றைக்கும் 70 கோயில்கள் வரை இருக்கின்றன. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் டோக்கியோ எரிந்தபோது இந்தப் பகுதி பெருமளவு தப்பியது. ஆகவே சந்துகளும் மரவீடுகளும் வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகளும் மிச்சம். இங்குள்ள இடுகாட்டில் ஜப்பானை ஆண்ட கடைசி ஷோகுன் தோகுகாவா யோஷினோபுவின் சமாதி இருக்கிறது. அங்கே சற்று நின்றோம். அம்மாளுக்கு ஷோகுன்மீது பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு அக்கறையிருந்தது ஒரு பத்திரிகைமீது. 1984இல் இந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்கள் சிலர் சேர்ந்து யானகா, நெஸு, செந்தாகி என்ற மூன்று பேட்டைகளின் பெயரிலேயே ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார்கள். கிழவர்களையும் கடைக்காரர்களையும் கைவினைஞர்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதினார்கள். எந்தக் குளியல்கூடம் எப்போது மூடியது, எந்த வீட்டில் எந்த எழுத்தாளர் குடியிருந்தார் என்பதெல்லாம் அதில் ஏறியது. 2009 வரை நடத்தினார்கள். மூன்று பேட்டைகளையும் சேர்த்து இன்று ‘யானெசென்’ என்று எல்லாரும் சொல்வது அந்தப் பத்திரிகை பரப்பிய பெயர்தான். சிறுபத்திரிகை ஒன்று ஓர் ஊரையே காப்பாற்றிக் கொடுக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் சொன்னால் சிரிப்பார்கள். யானகாவில் அதன் பலனைக் காலாற நடந்தே பார்க்கலாம்.

யானகா கின்ஸா கடைத்தெருவின் நீளம் சுமார் 170 மீட்டர். படிக்கட்டு இறங்கி அதற்குள் நுழைந்தோம். மீன், காய், தேயிலை, ஊறுகாய், வறுவல், செருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். பூனைப் பொம்மை விற்கும் கடைகளும் இருக்கின்றன, அவை நமக்காக. தோஃபு, கீரை, ஒரு பர்டாக் கிழங்கு, முட்டை, ஒரு துண்டு கோம்பு வாங்கினோம். கோம்பு என்பது ஹொக்காய்தோ கடலில் விளையும் பாசியைக் காயவைத்தது. தோல்பட்டை மாதிரி விறைத்திருக்கும். விலையைக் கேட்டு எங்களுடன் வந்த இளம்பெண் ஒருத்தி திகைத்தாள். அவள் ஜப்பானியப் பெண்.

கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஜப்பானியர்கள். ஆங்கிலம் பேசிப் பழக வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அதற்குத்தான் வந்திருந்தார். அந்தப் பெண் வந்தது சமையல் கற்க. தனியாக ஒரு சிறிய அறையில் இருக்கிறாளாம், அடுப்பு ஒன்றுதானாம். அம்மா தூளில்தான் தாஷி வைப்பாள், பாட்டி வைத்ததைப் பார்த்ததில்லை என்றாள். தாஷி என்பது ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படைச் சாறு. மிசோ சூப்பிலிருந்து வேகவைத்த கீரை வரை அது இல்லாமல் ஆகாது.

வீட்டுக்குப் போகும் வழியில், செந்தாகியில், நட்சுமே சோசெகி 1903 முதல் 1906 வரை குடியிருந்த இடம் வந்தது. ‘நான் ஒரு பூனை’ நாவலை அங்கேதான் எழுதினார். வீட்டைப் பெயர்த்து ஐச்சி மாநிலத்தில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். இங்கே ஒரு கல்லும், மதில்மேல் ஒரு பூனைச் சிலையும் உண்டு. எழுத்தாளர் வீட்டைப் பார்க்க வைத்துச் சமையல் நடையை இழுக்கிறாரே என்று எனக்குத் தோன்றியபோது அம்மாள் இகேடா கிகுனாயேயைப் பற்றிச் சொன்னார். 1901இல் லண்டனில் சோசெகி வாடகைக்கு இருந்த வீட்டிலேயே வந்து தங்கிய வேதியியலாளர் அவர். இருவரும் இரவெல்லாம் பேசுவார்களாம். ஊர் திரும்பி, இங்கிருந்து நடக்கிற தூரத்திலிருக்கும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1908இல் கோம்புச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் ஊர் ஃப்ரைட் ரைஸ் வண்டிக்காரர் கரண்டி நுனியில் தூவுவதும், வீட்டில் பெரியவர்கள் ‘அதெல்லாம் விஷம்’ என்று திட்டுவதும் இதைத்தான். திட்டுக்கு அறிவியல் ஆதாரம் குறைவு; கரண்டிக்காரர் அளவில்லாமல் போடுவது வேறு குற்றம். தோஃபு கையில் இருந்ததால் அங்கே அதிகம் நிற்கவில்லை.

சமையலறை மிகச் சிறியது. எல்லாரும் தோள் இடிக்க நின்றோம். காலையிலேயே தண்ணீரில் ஊறப் போட்டிருந்த கோம்பை அந்தத் தண்ணீரோடு மெல்லிய தீயில் வைத்து, கொதி வருவதற்குச் சற்று முன் எடுத்துவிட்டார். கொதித்தால் வழுவழுப்பும் ஒரு கசப்பும் இறங்கிவிடும். பிறகு சீவிய கட்சுவோபுஷியை அள்ளிப் போட்டு அடுப்பை அணைத்தார். கட்சுவோபுஷி என்பது வரிச்சூரை மீனை அவித்து, புகையிட்டு, பூஞ்சை படரவிட்டு மாதக்கணக்கில் காயவைத்தது. கட்டையாக இருக்கும், மரத்தை இழைக்கிற மாதிரி இழைத்துச் சீவ வேண்டும். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இது அயல் பொருளே அல்ல. மீன் அதே சூரைதான்; பூஞ்சை வேலை மட்டும் ஜப்பானியர் கூட்டியது. இகேடாவின் மாணவர் கோடாமா ஷின்தாரோ 1913இல் இதிலுள்ள ருசிப் பொருளையும் கண்டுபிடித்தார். பாசியும் மீனும் தனித்தனியே தருவதைவிடச் சேரும்போது ருசி பலமடங்கு ஏறுகிறது. அந்தப் பெண் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இன்னொரு கரண்டி எடுத்தாள்.

“தினமும் இப்படித்தானா?” என்று முதியவர் கேட்டார்.

“இல்லை. வேலை நாளில் தூள்தான்” என்றார் அம்மாள்.

அந்தப் பதில் எனக்கு நிரம்பப் பிடித்தது. பாரம்பரியம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் வடிகட்டிய கோம்பைக்கூட எறியாமல் நறுக்கி, சோயாவும் சர்க்கரையும் விட்டுச் சுண்ட வைத்தார். அதே கையால் தூள் டப்பாவையும் காட்டினார். 2013இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறினாலும் தாஷி வைக்கத் தெரியாத ஒரு தலைமுறை வந்தாகிவிட்டது. பாட்டி பேத்திக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். கற்க விரும்பி வந்தவள் கவனமாகக் கற்றுக்கொள்கிறாள். கட்டாயத்துக்கு நின்ற பேத்திகள் எத்தனை பேர் கற்றார்கள்?

இப்படி ஒரு நடைக்குப் போகிற சைவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் தாஷிக்குள் இருக்கும் மீன் பெரும்பாலும் யாருக்கும் நினைவுக்கு வராது. கட்சுவோபுஷி வேண்டாம், கோம்பும் காய்ந்த ஷீட்டாகே காளானும் போட்ட தாஷி போதும் என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். ஜென் மடங்களின் சமையலில் அதுதான் வழக்கம், காளானும் கோம்போடு சேர்ந்து ருசியை அதே போல ஏற்றும்.