கோவளத்தில் துயில்பவர்

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. கருமேகங்கள் வானை மூட, மழை சோவெனக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் உற்சாகத்திற்குக் குறைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜெபமாலை சொல்லி முடித்துச் சற்று நேரத்திற்கெல்லாம் கோவளம் வந்துவிட்டது!

இங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-ஆம் ஆண்டில் கட்டியவர் ஜான் டி மான்டி என்னும் போர்த்துகீசிய வணிகர். பெயரைக் கேட்டதும் எங்களில் பாதிப்பேர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டோம். 2015-இல் வந்த ‘டிமான்டி காலனி’ என்னும் பேய்ப்படத்தின் மகிமை அது! "அந்தப் பேயா, சிஸ்டர்?" என்றே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

சகோதரி கோபிக்கவில்லை; அவர் கதையைச் சொன்னார்கள். சென்னையில் பெரும் செல்வம் ஈட்டிய அவருக்கு ஒரே மகன் கிறிஸ்டோபர். அவனும் தந்தைக்கு முன்பே இறந்துபோனான். 1821-இல் தாம் இறக்கும்போது, ஆழ்வார்ப்பேட்டை நிலம் உட்படத் தம் சொத்தை மயிலை மறைமாவட்டத்தின் அறப்பணிக்கு எழுதிவைத்துவிட்டார். தாம் கட்டிய இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகனை இழந்த துயரத்திலும் பிறருக்கு வாரி வழங்கியவர், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஊரைப் பயமுறுத்தும் ஆவியாகிவிட்டார். எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். கேள்வி கேட்டவள்தான் உரக்கச் சொன்னாள்.

மாமல்லபுரத்தில் மழை எங்களை இறங்கவே விடவில்லை. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் சற்றே ஓய்ந்தது. அங்குள்ள டச்சுக் கோட்டைக்குள் பழைய கல்லறைகள் உள்ளன. சல்லாத்துணி வாணிகத்திற்காகக் கடல் கடந்து வந்தவர்களுடையவை. கல்லில் வெட்டிய எழுத்துகளில் மழைநீர் தேங்கி நின்றது. எழுத்து தெளிவாயிருந்தும் டச்சு மொழி படிக்க எங்களில் யாருமில்லை!

திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிச் செங்கல்பட்டையொட்டிய திருமணியை அடைந்தபோது மாலையாகிவிட்டது. இங்குள்ள தொழுநோய் மருத்துவமனையில் 1940-களில் பணியாற்றியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்நாளில் புதிதாக வந்த சல்போன் மருந்துகளை இங்கே நோயாளிகளுக்குக் கொடுத்து, நோய் தணிவதைக் கண்டவர். அம்மருந்தால் குணமானவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்? அவரைப் பற்றிப் பேய்ப்படமும் இல்லை, நல்ல படமும் இல்லை.

நேரமாகிவிட்டதால் உள்ளே செல்லவில்லை. ஓட்டுநர் அண்ணன் வண்டியை மெதுவாக்க, ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு அந்த வாயிலைப் பார்த்துக்கொண்டே போனோம்.