அடிவாரம் போதும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்துக் கரிசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை பளிச்சென்று தெரியும். எந்த மடிப்பு முன்னே, எது பின்னே என்று எண்ணிவிடலாம். இரண்டு நாள் வெயிலடித்தால் மறுபடியும் மங்கிவிடும். அப்புறம் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் சீமைக் கருவேலமும், சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களும், அரசு சிமெண்ட் ஆலையும்தான். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் லீவு விட்டால் குற்றாலம் போகும். கையில் கொஞ்சம் காசு கூடினால் கொடைக்கானல். ராஜபாளையத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் தொடங்கிவிடுகிற காட்டை, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள்.

அது லேசுப்பட்ட காடு அல்ல. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் ஐந்தாவது. மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. உச்சிப் பாறைகளில் வரையாடு, சோலைகளில் கருமந்தி, எங்கும் யானைத் தடம்.

இதையெல்லாம் கேட்டதும் பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு பார்க்கத் தக்கதில் பெரும்பகுதி இந்தக் காட்டின் வாசலிலேயே இருக்கிறது.

வடக்கே வத்திராயிருப்பிலிருந்து தெற்கே தேவதானம் வரை மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் ஒன்று புலப்படும். மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்திலெல்லாம் ஒரு சாமி இருக்கிறது. தாணிப்பாறை வழியாக ஏறினால் சதுரகிரி சுந்தரமகாலிங்கம். செண்பகத்தோப்பிலிருந்து நடந்தால் காட்டழகர். அந்தப் பக்கமே ராக்காச்சி அம்மன். ராஜபாளையத்துக்கு மேற்கே ஓடைக்கரையில் நீர்காத்த அய்யனார். தேவதானத்துக்கு மேலே சாஸ்தா. கைக்குழந்தையும் வயசான ஆச்சியும் பொங்கல் பானையோடு போய்த் திரும்பிய பாதைகள் இவை. சதுரகிரி ஒன்றுதான் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டிய மலை. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அடிவாரத்தோடு சரி. குடும்ப நடைக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நம் முன்னோர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

இவற்றில் முதலில் போக வேண்டியது செண்பகத்தோப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே போனால் வயல், தென்னை, அப்புறம் மாந்தோப்பு, அப்புறம் வனத்துறைச் செக்போஸ்ட். தோப்பு எங்கே முடிந்தது, காடு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அந்த இடம்தான் சாம்பல் நிற அணிலுக்குப் பிடித்த இடம்.

நம் வீட்டு ஓட்டில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படாது. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஒன்றரை முழம்; அதில் பாதி வால். உடம்பெல்லாம் சாம்பல், இடையிடையே வெள்ளை மயிர் கலந்து நரை ஓடினாற்போல் இருக்கும். கீழே இறங்குவது அபூர்வம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடுகிற இடமாகப் பார்த்துத் தாவித் தாவிப் போகும். கவட்டையில் குச்சியும் இலையும் சேர்த்துப் பெரிய பந்தாகக் கூடு கட்டும். ஒரு கூட்டோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. புளியங்காய் கிடைத்தால் பின்னங்காலால் கிளையைப் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கை இரண்டாலும் காயைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கடிக்கும். கீழே ஓடு உதிரும். அந்த ஓடு உதிர்வதை வைத்துத்தான் அணில் இருக்கும் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது பிள்ளைகளுக்கென்றே அமைந்த வேலை. பெரியவர்கள் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டுகொண்டிருக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளை தரையைப் பார்த்துச் சொல்லிவிடும், “இங்கதான் இருக்கு” என்று. புதிதாகக் கடித்த ஓடு ஈரமாக இருக்கும். பழையது கறுத்துச் சுருண்டிருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை காட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு செல்போன் ஞாபகம் வராது.

உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி இது. அதுவும் தென்னிந்தியாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மலையடிவாரங்களிலும் ஆற்றங்கரைகளிலும்தான். மரத்துக்கு மரம் கிளை கோத்திருந்தால் பிழைக்கும்; நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்தது. அதனால் புலிக்கு எவ்வளவு பெரிய காடு வேண்டும் என்று கவலைப்படுகிற அளவுக்கு, தோப்பு ஓரத்துப் புளியமரம் ஒன்று வெட்டுப்படுவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் பழைய மரங்களை விட்டுவைத்தால், சரணாலயத்துக்கு வெளியேயும் இந்த அணிலுக்கு இடம் உண்டு.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். வெயில் ஏறினால் அணில் அசையாமல் கிளையில் படுத்துவிடும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள்.

அய்யனார் கோயில் வேறு ரகம். அங்கே போகிறவர்கள் தண்ணீருக்காகப் போகிறவர்கள். முடங்கியாறு சாலையில் போகும்போது வலமும் இடமும் மாந்தோப்பு. சித்திரை, வைகாசியில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சாலையோரத்திலேயே விலைக்குக் கிடைக்கும். வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ராஜபாளையத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் இங்கிருந்து போகிறது. அங்கே வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டி, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. அப்புறம் ஓடையில் குளிக்கும்போது, சோப்பும் ஷாம்பூவும் ஏன் கூடாது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இந்த மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பக்கம். ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் கட்டி அடிக்கும்போதும் இங்கே பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் ஓடைகளெல்லாம் உயிர் பெற்றுவிடும். தை மாதம் வரை தண்ணீர் தெளிந்து ஓடும். குடும்பத்தோடு போக மார்கழி, தைதான் சரியான காலம். மாசிக்கு மேல் இலை உதிர்ந்து காடு காய்ந்துவிடும். காட்டுத்தீக்கு அஞ்ச வேண்டிய மாதங்கள் அவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது.

இங்கே ஓடுகிற தண்ணீர் இங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. இந்தச் சரிவுகளின் ஓடைகள் பல சேர்ந்துதான் வைப்பாறு. வெம்பக்கோட்டை அணையில் நிற்பதும், சாத்தூரைக் கடந்து போவதும், மழை நன்றாக இருந்தால் கடலைத் தொடுவதும் அதே தண்ணீர். ஆலங்குளத்துப் பிள்ளை ஒன்று அய்யனார் கோயில் ஓடையில் காலை நனைக்கும்போது, தன் ஊர்ப் பக்கம் வரப்போகிற தண்ணீரில்தான் நிற்கிறது.

அடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் தாணிப்பாறை அருகிலும் அவர்களைப் பார்க்கலாம். தேன், கல்பாசி, குங்கிலியம், கிழங்கு என்று காட்டை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் பெருகும், எந்தப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்பதை அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், மறுபேச்சு கூடாது. அதே சமயம், அவர்கள் வீட்டுக்கு முன்னால் நின்று பிள்ளைகளைப் போட்டோ எடுப்பதும், பிஸ்கட் பாக்கெட் நீட்டுவதும் வேண்டவே வேண்டாம். காட்டுக்குப் போகிறவர் அவர்களுடைய ஊருக்கு வந்த விருந்தாளி. தேன் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்கலாம்.

ஆபத்தை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. இந்த ஓடைகளில் ஒரு வழக்கம் உண்டு: அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மேலே மழை கொட்டும், கணுக்கால் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஏறிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அய்யனார் கோயில் ஆற்றின் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்தியும் மழைக்காலங்களில் வருவதுதான். மேலே மலை கறுத்திருந்தால் ஓடையில் இறங்கக் கூடாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகு மிதந்து வந்தால், துணிமணி போனாலும் போகட்டும் என்று கரையேறிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

வனத்துறை கேட் மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். “கொஞ்ச தூரம்தானே” என்று வாதாடுகிற அப்பாக்கள் எல்லாச் செக்போஸ்ட்டிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வது இன்னும் மோசம். உள்ளே நடக்க ஆசைப்படுகிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் அதற்கும் முறையான வழி வந்துவிட்டது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நாற்பது பாதைகளில் செண்பகத்தோப்புப் பாதையும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

சாமி கும்பிட வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. பொங்கலிடுவதும் சேர்ந்து சாப்பிடுவதும் இந்த நடையின் உயிர். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று வாழையிலையும் மண்பானையும் போன இடத்துக்கு இன்று தெர்மோகோல் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் போகின்றன. ஓடைக்கரைப் பாறை இடுக்குகளில் அவை அடைந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குரங்குகள் அந்தக் கவர்களைக் கிழித்து நக்குகின்றன. புளியோதரையைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போய், வாளியோடு திரும்புவது அப்படியொன்றும் சிரமம் இல்லை.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பிளவக்கல் இருக்கிறது. வத்திராயிருப்புக்கு மேற்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். மலை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்க, நடுவே தண்ணீர். மழைக்குப் பிறகு போனால் வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவே போதும்.

கடைசியாக, விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் சுற்றுலா பஸ் பிடித்து ஊட்டிக்கும் தீம் பார்க்குக்கும் போகிறீர்கள். உலகத்தில் இரண்டே நாடுகளில் இருக்கிற ஒரு பிராணி உங்கள் மாவட்டத்துப் புளியமரத்தில் தொங்கிக்கொண்டு காய் தின்கிறது. ராஜபாளையம், சிவகாசி, ஆலங்குளம், எந்த ஊரிலிருந்தும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, இந்த மார்கழியில் ஒரு வகுப்பையாவது செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போங்கள்.