நீலம் மறைத்த பிழை

2006-இல் மேக் கணினிகள் பவர்பிசி பிராசசரை விட்டு இன்டெலுக்கு மாறத் தொடங்கின. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், ஓர் ஓவிய மென்பொருளைப் புது மேக்குக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய மேக்கில் சேமித்த சோதனைப் படத்தை முதலில் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் நீல வட்டம், பிசகில்லாமல் தெரிந்தது. அடுத்து வாடிக்கையாளர் ஒருவரின் வரைபடம். அதில் சிவப்புக் கோடுகள் அத்தனையும் மாயம்.

கோடு வரையும் நிரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். காரணம் சேமிப்பில் இருந்தது. ஆல்பா, சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு பைட்டுகளை ஒரே 32 பிட் எண்ணாக அடக்கி, நினைவகத்தில் கிடந்தபடியே கோப்பில் கொட்டியிருந்தார்கள். பவர்பிசி மேக் உயர்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும். இன்டெல் அதைக் கடைசியில் வைக்கும். ஆகவே திறக்கும்போது நான்கும் தலைகீழாகின்றன. சிவப்பு 255, 255, 0, 0. திருப்பினால் 0, 0, 255, 255. ஆல்பா பூஜ்யம் என்றால் நிறமே கண்ணுக்குத் தெரியாது. நீலமோ 255, 0, 0, 255. 'விகடகவி' மாதிரி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். வெள்ளையில் நான்குமே 255. பிழை தெரியவே வாய்ப்பில்லாத இரண்டு நிறங்களில் எங்கள் சோதனைப் படம் அமைந்திருந்தது.

புகைப்படங்களில் முகங்கள் நீலம் பூத்துத் தெரிந்தால் அது வேறு கோளாறு. 24 பிட் பிஎம்பி கோப்பு எந்தக் கணினியிலும் நீலத்தை முதலில் வைக்கும். பிஎன்ஜி சிவப்பை முதலில் வைக்கும். ஒன்றை மற்றொன்றாகப் படித்ததற்குப் பிராசசர் பொறுப்பல்ல.

எண்ணாக இருக்கும்வரை பிக்சலுக்கு வரிசைச் சிக்கல் கிடையாது. ஷிஃப்ட் செய்து, மாஸ்க் போட்டு எடுத்தால் எந்தப் பிராசசரிலும் அதே சிவப்புதான் கிடைக்கும். நினைவகத்தில் பைட்டுகளாக இறங்கும் இடத்தில்தான் தகராறு. அதனால் பழைய கோப்புகளை, உயர்மதிப்பு பைட் முதலில் என்று நிச்சயித்துக்கொண்டு, பைட் பைட்டாகப் படிக்க வைத்தேன். எழுதுவதையும் அப்படியே மாற்றினேன். எந்தப் பிராசசர் என்று விசாரிக்கும் வரிகள் நிரலில் தேவைப்படவில்லை.

இப்போது என் சோதனைப் பிக்சல் 10, 20, 30, 40. அது 40, 30, 20, 10 என்று திரும்பி வந்தால் பிராசசர் வரிசையைப் பார்ப்பேன். 10, 40, 30, 20 என்று வந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. எண்களை ஒப்பிட்ட பிறகுதான் படத்தைப் பார்ப்பது.